சுதி கெட்ட ஆச்சியும் கரை தொட்ட தோணியும்

பேசத் தொடங்குமுன்பே கடிகாரத்தைப் பார்க்கும் தலைவர் சுவாமியார் அவர்களே, மீசையால் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, முக்காட்டுக்குள் சிரிப்பை முடிந்து வைத்திருக்கும் தாய்மார்களே, முறுக்குத் தட்டையே மொய்க்கும் என் தோழர்களே, சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

மறைந்த மெட்டில்டா ஆச்சியின் பேரன் நான். ஆச்சி ஒரு பூசை தவறியதுண்டா? இல்லை. ஒரு நோன்பு முறித்ததுண்டா? இல்லை. ஒரு பாட்டையாவது சுதியோடு முடித்ததுண்டா? பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள், பதில் கிடைத்துவிட்டது. ஆச்சி வாயெடுத்தால் கோயில் புறாக்கள் கொற்கைக்குப் போய்த்தான் உட்காரும்.

உபதேசியார் பாஸ்கல் ஒருநாள் பொறுக்காமல் சொன்னார்: "ஏளா மெட்டில்டா, மாதாவுக்கு நல்லாக் காது கேக்கும். மெல்லப் படியேன்."

"மாதாவுக்குக் கேக்கும் அண்ணாச்சி. கடலுக்குப் போன எம் மவனுக்கும் கேக்கணும்லா."

பிறகு வந்தது யுத்தம். ஜப்பான் விமானத்துக்குப் பயந்து கரையெங்கும் விளக்குத் தடை. கடலோரக் குருசடியில் சிலுவையின் கீழே ஆச்சி ஏற்றும் லாந்தரையும் வார்டன் ராஜதுரை அணைத்துவிட்டார். அன்று மாலை மழை. கறுத்த வானம், கறுத்த கடல், கறுத்த கரை. என் அப்பா ரோச்சின் தோணி திரும்பவில்லை. கரை எதுவென்று தெரியாமல் பாறையில் மோதினால் தோணியோடு ஆட்களும் போவார்கள்.

ஆச்சி கேட்டாள்: "உத்தரவு விளக்குக்குத்தானே ராஜதுரை? என் வாய்க்கு இல்லையே?"

"ஆச்சி, ஜப்பான்காரனுக்குக் கேட்டுரும்."

"கேட்டா அவனும் முழங்கால் போடட்டும்."

மாதா பிரார்த்தனையை எடுத்தாள். அடடா, என்ன குரல்! கரையில் கூடியிருந்த பெண்கள் பதில் சொல்ல வாய் திறந்தார்கள், கையமர்த்தினாள். அலைச் சத்தம் மட்டும். மறுபடி எடுத்தாள், மறுபடி கையமர்த்தினாள். மழைச் சத்தம் மட்டும். மூன்றாம் முறை எடுத்தபோது, இருட்டுக்குள்ளிருந்து, கடலுக்குள்ளிருந்து, கரகரத்த ஆண்குரல்கள்:

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

அவள் எடுக்க, அவர்கள் பதில் சொல்ல, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே தோணி கரை தொட்டது. இறங்கிய அப்பா சொன்ன முதல் வார்த்தை: "இந்தச் சுதி உலகத்துல வேற எவளுக்கு வரும்?"

இதோ, சுவாமியார் கடிகாரத்தை மறந்துவிட்டார். உபதேசியார் கண் துடைப்பதை நான் பார்க்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆச்சி இப்போது போகிற கடல் நமக்குத் தெரியாது. அங்கே விளக்கு உண்டோ இல்லையோ, அதுவும் தெரியாது. ஆகவே நான் எடுக்கிறேன், நீங்கள் பதில் சொல்லுங்கள். சுதி பார்ப்பவர்களுக்கு முறுக்கு கிடையாது. பொறுத்துக் கேட்டதற்கு நன்றியையும் போய்வருகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் சொல்லும் பதிலில் இந்தக் கூரைக்குள் என் குரல் கேட்கக் கூடாது.

கரை காட்டிய எங்கள் மெட்டில்டா ஆச்சியே...