செத்தவன் கொண்டுவந்த உத்தரவு

ஹைத்தம்: காபியெல்லாம் வேண்டாம் பெரியப்பா. நான் உங்களை வேலையை விட்டுத் தூக்க வந்திருக்கேன்.

முக்தார்: தூக்கு, தூக்கு. ஏலக்காய் போட்டது, அதைக் குடிச்சிட்டுத் தூக்கு.

ஹைத்தம்: விளையாடாதீங்க. சர்வாதிகாரி ஓடிப்போய் மூணு வாரமாச்சு. டமாஸ்கஸ் பூரா பேட்டைத் தலைவருங்க, பழைய முக்தார்களை மாத்துறோம். இருபது வருஷமா அவனுக்கு முத்திரை குத்தின கை இது...

முக்தார்: இருபத்திமூணு. அவனுக்கில்லப்பா, இந்தப் பேட்டைக்கு. பிறந்தவன், குடிவந்தவன், செத்தவன்... எல்லாருக்கும் நான்தான் குத்தினேன்.

ஹைத்தம்: அந்தச் சுவத்துல அவன் படம் தொங்குச்சே!

முக்தார்: இப்ப அருவிப் படம் தொங்குது, பாரு. படச்சட்டம் நல்ல வாதுமை மரம், வீணாக்குவானேன்? உங்க தலைவர் படம் இருந்தாக் குடு... அருவியைக் கழட்டிடலாம்.

ஹைத்தம்: எங்ககிட்ட படம் மாட்டுற பழக்கமே கிடையாது!

முக்தார்: மூணு வாரம்தானே ஆகுது.

ஹைத்தம்: இந்தாங்க, உங்களை நீக்கின உத்தரவு.

முக்தார்: கண்ணாடி எங்க... ம்... இதுல முத்திரையே இல்லையே?

ஹைத்தம்: எங்களுக்கு இன்னும் செஞ்சு வரலை.

முக்தார்: முத்திரை இல்லாத தாளா? இதுல ஃபலாஃபல் வடை மடிக்கத்தான் முடியும். குடு, நானே குத்தித் தர்றேன்.

ஹைத்தம்: உங்களை நீக்குறதுக்கு நீங்களேவா?

முக்தார்: வேற யார்கிட்ட இருக்கு? உத்தரவு போட்டவர்... நதீம் மகன் ஹைத்தம்... அடடா. தம்பி, இது செல்லாதே.

ஹைத்தம்: ஏன்?

முக்தார்: நீதான் செத்துட்டியே. பதிவேட்டுல பாரு. பன்னிரண்டு வருஷமாச்சு.

ஹைத்தம்: ...தெரியும்.

முக்தார்: தெரியுமா?

ஹைத்தம்: நேத்துத்தான் தெரிஞ்சுது. கல்யாணத்தைப் பதியப் போனேன். 'செத்தவனுக்குக் கல்யாணம் எதுக்கு'ன்னான் குமாஸ்தா. வரிசையே சிரிச்சுது. பொண்ணு ருலாவோட அப்பா வேற பக்கத்துலயே நிக்கிறார்...

முக்தார்: அவர் என்ன சொன்னார்?

ஹைத்தம்: வியாழக்கிழமைக்குள்ள உயிரோட வா, இல்லாட்டி வராதேன்னுட்டார்.

முக்தார்: நியாயமான மனுஷன்.

ஹைத்தம்: அதுவும் எப்படிச் செத்தேனாம்? 'கிப்பே கறி உருண்டை தொண்டையில் சிக்கி'! வடக்கே இத்லிப்ல குண்டுமழையில நின்னவன் நான், பெரியப்பா!

முக்தார்: உளவுக்காரனுங்க நம்புற மாதிரி இருக்கணும்ல? உன் அம்மாதான் சொன்னா, 'என் பிள்ளை தின்னுறதைப் பேட்டையே பாத்திருக்கு, அதையே எழுதுங்க'ன்னு. அப்புறம் உன்னைத் தேடி ஒருத்தன் வந்தானா?

ஹைத்தம்: வரலைதான்... சரி, உயிரோட இருக்கேன்னு ஒரு தாள் எழுதிக் குடுங்க.

முக்தார்: குடுக்கலாம். ஆனா என்னைத்தான் தூக்கிட்டியே.

ஹைத்தம்: அது... முத்திரை விழாத வரைக்கும் நீங்கதானே முக்தார்.

முக்தார்: அப்ப உட்காரு, காபியைக் குடி. ரெண்டு சாட்சி வேணும்.

ஹைத்தம்: நானே நேர்ல நிக்கிறேனே?

முக்தார்: செத்தவன் சாட்சி செல்லாது. ஃபலாஃபல் கடைக்காரர், தையல்காரர்... அவங்க போதும். நீ செத்ததுக்கும் அவங்கதான் சாட்சி.

ஹைத்தம்: எழுதுங்க, எழுதுங்க. நேரமாகுது.

முக்தார்: எழுதுறேன். எதுக்காகப் பொய்யாச் சாகடிச்சோம்னு காரணம் வேணும்... 'பள்ளிக்கூடச் சுவரில் சர்வாதிகாரி ஒழிக என்று எழுதியதால் தேடப்பட்டார்...'

ஹைத்தம்: அதை விட்டுருங்களேன்.

முக்தார்: ஏம்ப்பா? அந்த ரெண்டு வார்த்தைக்குத்தானே உனக்கு இந்தப் பதவியே குடுத்தாங்க?

ஹைத்தம்: பெரியப்பா... கதவைச் சாத்தட்டுமா?

முக்தார்: சாத்து.

ஹைத்தம்: நான் எழுதலை. அன்னிக்கு நான் ரொட்டிக்கு வரிசையில நின்னுட்டிருந்தேன். எவனோ என் பேரைச் சொல்லிட்டான்னு சேதி வந்துது, அப்படியே ஓடினேன். வடக்கே போனதும் எல்லாரும் வீரன்னு கட்டிப்பிடிச்சாங்க... இல்லைன்னு சொல்ல வாய் வரலை.

முக்தார்: தெரியும்.

ஹைத்தம்: தெரியுமா! எப்படி?

முக்தார்: இரு, முதல்ல முத்திரை... இந்தா, உயிர் வந்துடுச்சு உனக்கு. உன் உத்தரவுலயும் குத்திட்டேன். இனிமே நான் முக்தார் இல்ல, சொல்லலாம். சுவத்துல எழுதினது என் பையன் நவ்ரஸ். எழுத்தைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. காலையில உளவுக்காரனுங்க வந்து யாருன்னு மிரட்டினப்ப, என் வாயில வந்தது உன் பேருப்பா. சாயங்காலம் உன் அம்மா வந்து கால்ல விழுந்து அழுதா... உன்னைச் சாகடிக்கிறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியலை.