நுனி பார்த்த சுரைக்காய்

வீட்டில் ஜூஸ் போடத் தொடங்குகிறவர்கள் முதலில் செய்கிற தவறு, எடுத்த எடுப்பிலேயே பச்சையாக எதையாவது அரைத்து நீட்டுவதுதான். குடிக்கிறவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். அதோடு மெஷின் பரணுக்குப் போய்விடும். நாக்கு பழக நாளாகும். முதலில் கேரட், கூடவே ஒரு துண்டு ஆப்பிள். சர்க்கரை உள்ளவர் என்றால் ஆப்பிளைச் சீக்கிரமே நிறுத்திவிட வேண்டும். பிறகு வெள்ளரி, வெண்பூசணி. கசப்பு கடைசியில்தான் வர வேண்டும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் அண்ணன் மகள் கனிஷ்கா. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில், யார் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லும் வேலை பார்க்கிறாள். அவள் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியபோது ஜூஸ் பிழியும் மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு எங்கள் ஊரான பரமத்தி வேலூருக்கு வந்தாள். தினமும் யார் போடுவது என்ற கேள்வி எழுந்தது.

"கதிர்வேலுத் தம்பி போடட்டும். பொண்டாட்டியா, புள்ளையா, அவருக்கென்ன சோலி" என்றார் அண்ணி மைதிலி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் என் சோலியாகத்தான் இருந்தன. அதை நான் சொல்லவில்லை. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை.

கனிஷ்கா கிளம்பும்போது ஒன்று சொன்னாள்.

"சித்தப்பா, சொரக்காயும் வெள்ளரியும் நுனி பாக்காமப் போட்றாதீங்க. சமைக்கிறதுக்கே பாக்கறோம். பச்சையாக் குடிக்கறதுக்குப் பாக்க வேண்டாமா? கசந்துச்சுன்னா அது வெசமுங்க."

எனக்குத் தெரியாததில்லை. எங்கள் பக்கம் சுரைக்காய் அறுக்கிறவர் முதலில் நுனியைச் சீவி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார். கசந்தால் அந்தக் காய் மாட்டுக்குக்கூடப் போகாது, குப்பைக்குழிக்குத்தான் போகும். "நுனி பாத்தாச்சா?" என்று ஒரு குரல் கேட்காமல் எங்கள் வீட்டில் சுரைக்காய் அடுப்பேறியதே இல்லை. காய் நறுக்குவது பல வருடங்களாக நான்தான் என்பதால், பதில் சொல்வதும் நான்தான்.

அண்ணன் மருதாசலத்தைப் பற்றி நீங்கள் தவறாக நினைத்துவிடக் கூடாது. அப்பா போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என்னை வளர்த்தது அவர். எனக்குப் படிக்கப் பிடிக்கும் என்று வேப்பமரத்தில் அலமாரி செய்து கொடுத்தார். வயலிலிருந்து வந்து நான் புத்தகத்தோடு உட்கார்ந்தால், டிவியின் சத்தத்தைக் குறைப்பார். அப்படி ஒருவர்.

எனக்குப் பெண்ணும் பார்த்தார். திருச்செங்கோட்டுப் பக்கம், மோகனூர்ப் பக்கம், கரூர்ப் பக்கம் என்று பார்க்காத ஊரில்லை. பெண் வீட்டார் வருவார்கள், தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள், காபி குடிப்பார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு, கடைசியில் அண்ணனிடம் தனியாகப் பேசுவார்கள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து போன் வராது. "ஜாதகம் கூடலையாமடா" என்பார் அண்ணன். அன்றைக்கெல்லாம் எனக்காகக் கறி எடுத்துவரச் சொல்வார். இப்படியே தலை நரைத்தது. எங்கள் பக்கம் என்னைப் போல் கல்யாணமாகாதவர்கள் நிறையப் பேர் உண்டு. அதனால் நான் அதை விசித்திரமாக நினைக்கவில்லை.

போன வைகாசியில் நாமக்கல்லில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் மோகனூர் சென்னிமலை. அவருடைய தங்கையை ஒரு காலத்தில் எனக்குப் பேசினார்கள். நல்ல மனிதர். ரசம் வந்தபோது என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. அந்த வலிப்பு இப்பத் தேவலைங்களா?"

"எந்த வலிப்புங்க?"

"உங்க அண்ணன்தான் சொன்னாருங்க. மறைக்காமச் சொன்ன மனுசன். தங்கச்சிக்குக்கூட ரொம்ப வருத்தந்தான்."

நான் ரசத்தைக் குடித்து முடித்தேன். பாயசமும் சாப்பிட்டேன். கையைக் கழுவிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை அண்ணனிடம் கேட்டேன். அப்போது அவர் கையில் வெள்ளரி ஜூஸ் இருந்தது. அவர் கோபப்படவில்லை, தடுமாறவும் இல்லை.

"நான் பொய் சொல்லலியேடா கதிரு. சின்னதுல உனக்கு வந்துச்சா இல்லியா?"

"ரெண்டு வயசுல காச்சல்ல ஒருக்கா வந்துச்சுன்னு அம்மா சொல்லுவாங்கண்ணா."

"அதைத்தான் சொன்னேன். இப்ப இருக்குதான்னு அவிங்க கேக்கல. கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன்." டம்ளரைக் காலி செய்து என்னிடம் நீட்டினார். "உனக்கு இந்த ஊட்டுல என்னடா கொறை? தோட்டம் ஒண்ணா இருக்குதுல்ல? நாளைக்கு இஞ்சி கொஞ்சம் கம்மியாப் போடு, நெஞ்சு எரியுது."

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கல்யாணம் ஆனால் பாகம் பிரியும். பிரிந்தால் தண்ணீர் அவர் பக்கம், காசு தரும் கொடிக்கால் என் பக்கம். அவருடைய கணக்கு எனக்குப் புரிந்தது. ஆனாலும் அன்று புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கமும் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் வழக்கம்போல டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் இஞ்சியைக் குறைத்தேன்.

அதன் பிறகுதான் பாகற்காயைத் தொடங்கினேன். சர்க்கரைக்கு நல்லது என்று கனிஷ்காவே சொல்லியிருந்தாள். முதலில் வெள்ளரியோடு ஒரு துண்டு. பிறகு பாதிக்குப் பாதி. ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தார். ஆடி முடிவதற்குள் கண்ணை மூடி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "கசக்கக் கசக்கத்தான்டா சர்க்கரை எறங்குது" என்று தெருவில் போகிறவர்களிடம் பெருமை பேசும் அளவுக்கு வந்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்துச் சின்னுசாமி, "உங்க தம்பி கையால வெசத்தைக் குடுத்தாலும் குடிப்பீங்க போல" என்று கேலி செய்தார். அண்ணன், "குடிப்பேனே" என்றார். நான் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு சுரைக்கொடி தானாக முளைத்திருந்தது. யாரும் விதை போடவில்லை. நானும் போடவில்லை. இதை உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். தண்ணீர் இல்லாமல் வெயிலில் கிடந்த கொடி அது, அப்படிப்பட்டதில்தான் காய் கசக்கும். பிடுங்கி எறிந்திருக்கலாம். ஒரு செடியைப் பிடுங்கவில்லை என்பது குற்றமா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று காலை அந்தக் காயைத்தான் அறுத்தேன். வழக்கமான டம்ளர், வழக்கமான நாற்காலி. அண்ணன் வழக்கம்போலக் கண்ணை மூடிக் குடித்தார். பாதியில் நிறுத்தினார்.

"பாவக்காயா இது?"

"சொரக்காயுங்கண்ணா."

டம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். என்ன இருந்தாலும் தோட்டக்காரர்.

"நுனி பாத்தியாடா?"

"பாத்தனுங்கண்ணா."

மீதியையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில் வாந்தி எடுத்தார். பிறகு வாந்தியில் ரத்தம் வந்தது. நானே காரை எடுத்து நாமக்கல்லுக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் பக்கத்து சீட்டிலிருந்து என் தோளில் சாய்ந்தபடி, "நீ பயப்படாதடா சாமி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அவர் பக்கத்திலேயே இருந்தேன். அண்ணியையும் கனிஷ்காவையும் சாப்பிடச் சொல்லி அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு கொள்ளி வைத்ததும் நான்தான்.

தெரியாமல் நடந்தது என்று டாக்டர் எழுதினார். ஊரும் அப்படித்தான் நம்புகிறது. கனிஷ்கா மட்டும் என் முகத்தைப் பார்த்து, "நுனி பாத்தீங்களா சித்தப்பா?" என்று கேட்டாள். அவளிடமும் பார்த்தேன் என்றுதான் சொன்னேன். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் உங்களிடம் வந்திருக்கிறாள். புத்திசாலிப் பெண்.

கலப்படம் செய்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. ஒரு துளி எலுமிச்சைகூடச் சேர்க்கவில்லை. நுனியைச் சீவி நாக்கில் வைத்தேன். துப்பி, வாயைக் கொப்பளித்த பிறகும் மத்தியானம் வரை நாக்கில் அந்தக் கசப்பு நின்றது. அதைத் தெரிந்துகொண்டுதான் பிழிந்தேன். நுனி பார்த்தாயா என்று அண்ணன் கேட்டார், பார்த்தேன் என்று சொன்னேன். எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்வதில்லை.