சால்வைக்குள்ளே சம்பந்திக்குப் பதில்

இல்லம்மா, நீயே சொல்லு, இது நியாயமா? அர்ஜென்டினா பக்கம், மெந்தோசாவுல விடியறப்ப ஏறின பஸ்ஸு. இந்நேரம் மலையிறங்கிச் சாப்பிட்டிருக்கணும். இங்க சிலி எல்லையில, பையக் கால்கிட்ட வச்சுக்கிட்டு வரிசையா நிக்கிறோம்... ஒரு நாய் வந்து மோந்து பாக்கணுமாம்.

பழம், கறி எதுவும் எல்லை தாண்டக் கூடாதாம்; முன்னாடி போன பஸ்ல எவனோ ஆப்பிள ஒளிச்சு வச்சிருந்தானாம். அவன் ஒருத்தனால இத்தன பேரும் குளிர்ல வெறைக்கிறோம். என்ன ஜென்மமோ.

வெளிய பாரு, பனி கொட்ட ஆரம்பிச்சிருச்சு. கணவாய் ரோட்ட மூடிட்டா இங்கயேதான் படுக்கை. சாயங்காலம் கீழ லோஸ் ஆண்டெஸ்ல எம்புள்ள தமியானுக்குக் கல்யாணம்மா. எங்கள்ல மாப்பிள்ளையப் பீடத்துக்குக் கூட்டிட்டுப் போறது அம்மாதான். நான் இல்லாம யார் கையப் புடிப்பான்?

நீ சிலிப் பொண்ணா? கோச்சுக்காத. எங்க சம்பந்தி யோலந்தாவும் உங்க ஆளுதான். நிச்சயத்துக்கு வந்தவ, எங்க வீட்டுக்காரர் கையால பூண்டு போட்டுக் காயவச்ச பன்னிக்கறி சாலாமிய ஒரு கடி கடிச்சா. "பரவால்ல"ன்னா. பரவால்லயாம்! மனுஷன் அன்னிக்குச் சோறே திங்கல. அது சரியாக் காயலம்மா. இப்ப நல்லாக் காஞ்சிருக்கு, அதான்...

அதான் என்னவா? ஒண்ணுமில்ல, விடு.

தோ ஆபீசரோட வருது நாயி. நல்ல நாயா இருக்கு. போடா கண்ணு... அந்தப் பக்கம் போ. ஏய், ஏன் இங்கயே உக்காந்துட்ட?

சார், அது வெறும் சால்வை சார். கல்யாணத்துக்குப் போத்திக்க. கசங்கிரும், பிரிக்காதீங்க...

சரி. மூணு சாலாமி. நான்தான். "எதுவும் இல்ல"ன்னு படிவத்துல சத்தியம் பண்ணவளும் நான்தான். அபராதம் போடுங்க, குப்பையில போடுங்க, பஸ்ஸ மட்டும் விட்டுருங்க சார், புள்ள காத்துக்கிட்டிருப்பான்.

ஏம்மா, இந்தச் சால்வைய மோந்து பாரேன். பூண்டு வாசன ரொம்பத் தெரியுதா? இதப் போத்திக்கிட்டுத்தான் புள்ளையக் கூட்டிட்டுப் போகணும், சம்பந்தி மூக்கப் பொத்திக்கிட்டு மொத வரிசையில நிப்பா... ஏம்மா, பையத் தூக்கிட்டு எங்க போற? நமக்கு ஒரே சீட்டும்மா!

போகட்டும். டேய் கண்ணு, நீ சொல்லு. பரவால்லயா? ...பாரு, ஜொள்ளு விடுது. சம்பந்திக்குத் தெரியாத ருசி நாய்க்குத் தெரியுது.