மாற்றாமல் விட்ட லைப்ரரி

எனக்குக் காத்திருக்கத் தெரியாது இன்ஸ்பெக்டர் சார். லிஃப்ட் வர ஒரு நிமிடம் ஆனாலும் ஐந்து மாடியையும் படியில் ஏறிவிடுவேன். எங்கள் மென்பொருளுக்கு வேகமான லைப்ரரியை, அதாவது வேறு யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரலை, எடுத்ததற்கும் அதுதான் காரணம், வேறு உள்நோக்கம் இல்லை.

ஆம்புலன்ஸ் கேட்டு வரும் மெசேஜ்களை வாங்கும் மென்பொருளுக்கு அடித்தளம் எங்கள் ஃபிரேம்வொர்க். மெசேஜுக்குள் முகவரி எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்க எழுத்து வரிசைகளைத் தேடும் ‘ரெகெக்ஸ்’ லைப்ரரி ஒன்று வேண்டும். இரண்டு இருந்தன. ஒன்று நிதானம், எதைக் கொடுத்தாலும் முடித்துவிடும். மற்றது பறக்கும், ஆனால் எப்போதாவது ஒரு வரியில் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்பத் தேடும். அதுதான் சரி என்று கூட்டத்தில் அடித்துப் பேசினேன்.

ஒரே வாரத்தில் டெஸ்டிங் பார்க்கும் பெண் வந்து நின்றாள். ஒரே எழுத்து முப்பது தடவை வந்தால் எல்லாமே நின்றுவிடுகிறதாம்.

“அப்படி யாரும்மா டைப் பண்ணுவாங்க?”

“பயந்தவங்க பண்ணுவாங்க சார். கை நடுங்கும்ல.”

அவ்வளவு பேசிவிட்டு எந்த முகத்தோடு மாற்றுவது? அந்தச் சோதனையைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். அவளையும் வேறு பிரிவுக்கு அனுப்பினேன்.

நான்காம் மாதம் ஒரு தகப்பன், “சீக்கிரம் வாங்ககககக” என்று விரலை எடுக்காமல் அனுப்பியிருந்தார். பதினொரு நிமிடம் வண்டி கிளம்பவில்லை. குழந்தை போய்விட்டது. பதிவைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது. மாற்ற அரை நாள் போதும். ஆனால் ஏன் இன்றைக்கு மாற்றினாய் என்று கேட்பார்களே. தெரிந்தே செய்தவன் ஆகிவிடுவேனே. அறிக்கையில் நெட்வொர்க் கோளாறு என்று எழுதினேன். அடுத்த முறையும் அதையே எழுதினேன். மொத்தம் ஏழு பேர் போய்விட்டார்கள். ஒவ்வொருவருக்குப் பிறகும் மாற்றுவது இன்னும் கஷ்டமாகிப் போனது, அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கும் தூக்கமில்லை. போன் அடித்தால் தூக்கிவாரிப் போடும். என் அம்மாவிடம் மட்டும், ஏதாவதென்றால் மெசேஜ் போடாதே, போனிலேயே கூப்பிடு என்று சொல்லி வைத்தேன். பெற்றவளுக்கு அவ்வளவாவது செய்ய வேண்டாமா?

இப்போது என்னிடம் மட்டும் இருக்கும் அந்த மென்பொருளின் கடவுச்சொல்லைக் கேட்கிறீர்கள். உடனே மாற்ற வேண்டும் என்கிறீர்கள். தருகிறேன், வழக்கு முடியட்டும். இப்போதே மாற்றினால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடும். அதுவரை ஜனங்கள் கொஞ்சம் பதறாமல் டைப் செய்தால் போதும், யாருக்கும் ஒன்றும் ஆகாது.