ராக்காயி மிதித்த பிரேக்

— இன்னும் அழுத்தி மிதிங்க ராக்காயிக்கா. காலை எடுக்காம அப்பிடியே பிடிங்க. பெடல் கீழ போகுதா?

— போகல தம்பி. கல்லு மாதிரி நிக்குது.

— அதத்தானே நானும் செல்றேன். தோட்டத்துக் கராஜ்ல பார்த்தவங்களும் அதத்தான் எழுதி ஈக்காங்க. லொறி பிரேக் நல்லம், பிழை டிரைவர் சுதாகரன் மேலதான்னு. எனக்குத் தந்த வேலை நசுங்கின மட்கார்டை நிமித்திக் குடுக்கிறது மட்டுந்தான். எறங்குங்க. உடைஞ்ச காலை வச்சிக்கிட்டு கினிகத்தேனை வரைக்கும் பஸ்ல வந்ததே பெரிசு.

— எறங்க மாட்டேன் ரிஸ்வி தம்பி. ஒடஞ்சது எடது காலு. மிதிக்கிறதுக்கு வலது காலு நல்லாத்தான் இருக்கு.

— என்னத்துக்கு இவ்வளவு பிடிவாதம்?

— இங்கேருங்க. அன்னைக்கி நான் அந்த டிரைவர் புள்ளைக்கிப் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன். பின்னால தேயிலைக் கொழுந்து மூட்டைக மேல எங்க பொம்பளைங்க பத்துப் பேரு. மேல்மலையில இருந்து கொழுந்து அரைக்கிற ஸ்டோரு வரைக்கும் ஒரே எறக்கம். பாதி வழியில ஏதோ பொசுங்குற வாடை வந்திச்சி. கோயில் வளைவுக்கிட்ட அந்தப் புள்ள பிரேக்கைத் தொப்புத் தொப்புன்னு மிதிக்கிது. வண்டி நிக்கல. ஒரு பக்கம் எங்க சனம் குடியிருக்கிற லயம், ஒரு பக்கம் மண்ணு மேடு. மேட்டுல கொண்டு சாத்திருச்சி.

— பொசுங்கின வாடையா? இத யார்க்கிட்ட சென்னீங்க?

— இப்ப உங்ககிட்ட.

— தோட்டத்து ஆக்கள் எப்ப பிரேக்கைப் பார்த்தாங்க?

— மறுநா காலையில. விடிய விடிய மழை.

— அப்ப ஆறின வண்டியைத்தானே பார்த்து ஈக்காங்க. நானும் இப்ப ஆறின வண்டியைத்தான் பார்க்கிறேன். சூடாக்கிப் பார்க்கணும்.

— பொல்பிட்டிய எறக்கத்துல விட்டுப் பாக்கலாமா?

— அங்க விட்டா ரெண்டு பேரும் மௌத்துத்தான். எறக்கத்துல வேணாம், ஏத்தத்துல பார்ப்போம். கராஜுக்குப் பின்னால மேட்டுப் பாதை ஈக்கு. முதல் கியர்ல ஏறிக்கிட்டே பிரேக்கை லேசா மிதிச்சிக்கிட்டுப் போறேன். அது விட்டாலும் வண்டி ஓடாது, கியரும் ஹேண்ட் பிரேக்கும் பிடிச்சிக்கும். நீங்க எறங்கி இங்க இருங்க.

— நானும் வாரேன்.

— வேணாங்கா.

— அந்த வாடை எப்பிடி இருந்திச்சின்னு உங்களுக்குத் தெரியுமா?

— ...சரி, அந்தப் பக்கம் நகர்ந்து கதவைச் சாத்துங்க. நல்லாப் பிடிச்சிக்கிட்டு இருங்க.

— ம். போங்க.

— இதுவா?

— இல்ல. இது டீசல் வாடை. இன்னும் ஏத்துங்க.

— இப்ப?

— இந்தா, வருது. பழைய சாக்கு பொசுங்குற மாதிரி. இதேதான் தம்பி, இதேதான்.

— பெடல் மெதுவாகுது. பஞ்சு மாதிரி உள்ள போகுது. இன்னொருக்கா மிதிக்கிறேன், பாருங்க.

— அந்தச் சத்தந்தான். தொப்புத் தொப்புன்னு.

— பெடல் அடிப்பலகை வரைக்கும் போயிட்டு. ஒண்ணும் பிடிக்கல. பயப்படாதீங்க, ஹேண்ட் பிரேக் போட்டுட்டேன்.

— நான் பயப்படல. அடுத்து என்ன பாக்கணுமோ அதப் பாருங்க.

— எது சூடுன்னு பார்க்க, எறங்கி ஒவ்வொரு சக்கரச் சில்லுக்கும் தண்ணி தெளிக்கிறேன். காதைக் குடுத்துக் கேளுங்க. இது?

— லேசாச் சொய்யுங்குது.

— இது?

— அதுவும் அப்பிடித்தான்.

— பின்னால, இடது பக்கம்?

— யப்பா. தாளிக்கிற சட்டி மாதிரில்ல பொரியுது.

— பிடிபட்டிட்டு. ஆறினதும் கராஜுக்குக் கொண்டு போய் இந்தச் சில்லைக் கழட்டுவோம்.

— கழட்டுங்க. நான் எங்கேயும் போகல.

— இந்தாங்க, டிரம்மைக் கழட்டியாச்சி. இந்தச் சின்னப் பிஸ்டனைப் பாருங்கக்கா. துருப்பிடிச்சி இறுகி ஈக்கு. காலை எடுத்தாலும் இந்தச் சில்லு மட்டும் பிரேக்கை விடாது. உரசி உரசிச் சூடாகும். அந்தச் சூடு பிரேக் ஒயிலுக்கு ஏறும். ஒயில் நெறத்தைப் பாருங்க.

— சாயத்தண்ணி மாதிரி இருக்கே.

— வருசக் கணக்கா மாத்தல. ஈரத்தை இழுத்து வச்சிக்கிட்டு ஈக்கு. சூடேறினா அந்தத் தண்ணி கொதிச்சி ஆவியாகும். ஆவியை மிதிச்சா அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஆறினா திரும்பவும் கல்லு மாதிரி நிக்கும். அதாலதான் யாருக்கும் விளங்கல.

— அப்ப அந்தப் புள்ள மேல பிழை இல்ல.

— கடுகளவும் இல்ல. மண்ணு மேட்டுல சாத்தாம விட்டிருந்தா லயத்துச் சனமும் நீங்க பதினொரு பேரும்... அக்கா, கேக்குதா? ஏன் முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க?

— கேக்குது. புதுசு போடுங்க தம்பி.

— தோட்டத்து மேனேஜர் பெரியதொரை மட்கார்டு மட்டும்னுதானே சென்னாரு.

— மட்கார்டு நிமிந்துட்டா நாளையில இருந்து திரும்பவும் எங்க பொம்பளைங்களத்தான் ஏத்தும். தெரிஞ்சுக்கிட்டே அனுப்புவீங்களா?

— ...இல்ல. அனுப்ப ஏலாது. அந்தப் பிஸ்டன் ஈக்கிற சிலிண்டர் புதுசா ஒண்ணு கைவசம் ஈக்கு. கழட்டின பழசையும் இந்த ஒயிலையும் போத்தல்ல போட்டுப் பத்திரமா வைக்கிறேன். புது ஒயில் ஊத்தி உள்ள ஈக்கிற எயார்க் காத்தை எடுக்கணும். அதுக்குப் பெடலை மிதிக்க ஒரு ஆள் வேணும்.

— நான் எதுக்கு இருக்கேன்? ஏத்தி விடுங்க.

— மிதிங்க. பிடிங்க. ஆ, இப்ப விடுங்க. மிதிங்க. குமிழி வருது இன்னும்.

— வரட்டும். வர வரைக்கும் மிதிக்கிறேன்.

— வலிக்குதா?

— வலிக்குதுதான். நீங்க மிதி, விடுன்னு செல்லுங்க, சும்மா செல்லுங்க. பாருங்க, சொல்லுங்கன்னு வராம உங்க பேச்சு எனக்கும் ஒட்டிக்கிச்சி.

— மிதிங்க. பிடிங்க. ம், சுத்தமா வருது. இன்னொருக்கா. போதும். மேட்டுப் பாதையில திரும்ப ஓட்டிப் பார்த்துட்டு அனுப்புறேன்.

— தம்பி, எனக்கு ஒரு கடுதாசி வேணும். கண்ணால பாத்தத உங்க கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு. நாளைக்கி ஒம்போது மணிக்கி தோட்டத்துல சுதாகரனுக்கு வெசாரணை.

— அக்கா, அந்தத் தோட்டத்து வேலையிலதானே என்ட கராஜே ஓடுது.

— தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்.

— நான் எழுதினாலும் அங்க எடுபடாது. லொறியைக் கொண்டு வந்த தோட்டத்துக் கிளாக்கர் சென்னாரு, லொறியில வந்த ஒரு சாட்சியே எழுதிக் குடுத்து ஈக்காம். டிரைவர் போன் பேசிக்கிட்டு வந்தான், பிரேக்கை மிதிக்கவே இல்லன்னு. அந்த ஆள் வாயைத் தொறந்து இல்லைன்னு செல்லாத வரைக்கும் என்ட கடுதாசிக்கு என்ன மதிப்பு?

— நீங்க எழுதுங்க தம்பி. அந்தப் புள்ள மிதிச்சது தெரிஞ்சும், காலு ஒடஞ்ச ஆத்திரத்துல ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டு அந்தச் சாட்சியில கையெழுத்து வச்சவ நான்தான்.