புதன்கிழமை திறந்த டிஸ்க்

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அறையில் எறும்புக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும், ஐயா. சூடு கண்டால் உள்ளே போய்க் குடியிருந்துவிடும். அதனால் வெறும் பால்மா ரின்களில் தண்ணீர் ஊற்றி, மேசையின் நாலு காலையும் அவற்றுக்குள் வைத்திருந்தேன். ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டக் கந்தோரில் இருபத்திரண்டு வருடமாகக் கிளாக்கராக இருக்கிறேன். ஒரு பொருளையும் அநியாயமாகப் பழுதாக விட்டதில்லை.

அந்தப் பழைய டிஸ்கைப் பற்றிக் கேட்டீர்கள். முறையாகவே சொல்கிறேன்.

2007இல், கம்ப்யூட்டரின் விண்டோஸைப் புதிதாக்கச் சொல்லி உங்கள் தலைமைக் கந்தோரிலிருந்து உத்தரவு வந்தது. இரத்தினபுரியிலிருந்து தாஸிம் என்ற டெக்னீஷியன் வந்து பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினார். 2003இலேயே பழையது முழுவதையும் அச்சொட்டாக இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்து அலமாரியில் வைத்திருந்தோம். புதியது சரிவராவிட்டால் அந்த டிஸ்கை மாட்டினால் போதும், கம்ப்யூட்டர் பழையபடியே எழும்பும். மாதம் ஒரு தரம் மாட்டி, எழும்புகிறதா என்று பார்த்து, ஒரு கொப்பியில் கையெழுத்து வைக்க வேண்டும். நாலு வருடக் கையெழுத்தும் என்னுடையதுதான். மாட்டிப் பார்த்ததில்லை. நாலு ஆணி கழற்ற வேண்டும், தூசி பறக்கும், எனக்கோ இழுப்பு வருத்தம்.

புதிய விண்டோஸில் தோட்டத்துப் பெயர்ப்பதிவு திறக்கவில்லை. யார் எந்த லயத்து வீட்டில் எந்த நாளில் பிறந்தார்கள் என்பது அதில்தான் இருந்தது. கடதாசிப் புத்தகங்களைக் கறையான் அரித்துப் போட்டதால், எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று நானே எழுதிக் கொடுத்து, அவற்றை ஃபேக்டரி அடுப்பில் போட்டாயிற்று.

அந்தத் திங்கட்கிழமைதான் புஷ்பம் வந்தாள். ஆறாம் லயத்தில் இருந்து கொழுந்தெடுக்கிறவள். அவளுடைய மகன் சுரேந்திரனைப் பலாங்கொடை பஸ் ஸ்டாண்டில் புலியென்ற சந்தேகத்தில் பிடித்துவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் எடுக்காத பிள்ளை, அதனால் அடையாள அட்டையும் இல்லை. வடக்கிலிருந்து வந்தவன் அல்ல, இந்தத் தோட்டத்தில் பிறந்தவன் என்று பதிவு நம்பரோடு கடிதம் கொண்டுவந்தால் விடலாம், வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம், பிறகு கொழும்புக்கு அனுப்பிவிடுவோம் என்று பொலிஸில் சொல்லியிருந்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை வந்து ஒரு மாதம்தான். பதிவைப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது என்றார். அதுவும் நியாயம்தான்.

டிஸ்கை மாட்டினேன். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வரி வந்தது, தொடங்குவதற்கு டிஸ்க் இல்லை என்று. துரை என்னவென்று கேட்டார். போன மாதம் நானே பார்த்தேன், நன்றாக இருந்தது, தாஸிம்தான் கெடுத்திருக்க வேண்டும் என்றேன். வாயில் வந்தது அதுதான்.

இரண்டு நாள் உண்மையாகவே பாடுபட்டேன். வயரை மாற்றினேன், எந்த டிஸ்கிலிருந்து தொடங்குவது என்ற ஒழுங்கை மாற்றினேன். புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிபோலக் காரணம் பிடிபட்டது. டிஸ்கின் பின்பக்கம் அரிசியளவில் ஒரு கறுப்புப் பின் இருக்கும். இது முதல் டிஸ்கா, இரண்டாவதா என்று கம்ப்யூட்டருக்குக் காட்டுவது அதுதான். பிரதி எடுத்த அன்று இரண்டாவதாக மாட்டியவர்கள் பின்னை அப்படியே விட்டிருக்கிறார்கள். கழற்றி ஒரு கட்டம் தள்ளிக் குத்தினேன். திறந்தது. சுரேந்திரனின் பெயரையும் பார்த்தேன். ஆறாம் லயம், 1986 மார்ச் 9.

சந்தோஷமாகத்தான் இருந்தது. துரையிடம் சொல்ல எழும்பிப் போனேன். கதவடியில்தான் யோசனை வந்தது. அந்தக் கறுப்புப் பின் நாலு வருடமாகப் பிழையாக இருந்திருந்தால், மாதாமாதம் எதைப் பார்த்துக் கையெழுத்து வைத்தாய் என்றுதானே முதலில் கேட்பார்? வயரில் கோளாறு என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மறுநாள் தாஸிம் வருவதாக இருந்தது, அவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். அதோடு, பொய் சொல்லிப் பழகியவன் இல்லை நான். திரும்பி வந்து கம்ப்யூட்டரை நிறுத்தினேன். டிஸ்கை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

வியாழக்கிழமை தாஸிம் வந்தார்.

"அண்ணன், டிஸ்க்குட பின்ன மட்டும் ஒருக்கா பாத்துட்டுப் போறேனே," என்றார்.

"நீர் தொட்டது காணும், இனித் தொட வேண்டாம் எண்டு துரை சொல்லிப்போட்டார்," என்றேன். துரை அப்படி ஒன்றும் சொல்லவில்லை. மனுஷன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருடைய வேலை போனதைப் பிறகு கேள்விப்பட்டேன். கெட்டிக்காரர், வேறு இடம் கிடைத்திருக்கும்.

அன்றைக்கே புஷ்பம் மாரியம்மன் கோயில் திருநீற்றைக் கடதாசியில் மடித்துக்கொண்டு வந்தாள்.

"கிளாக்கர் ஐயா, ஆத்தா மனசு வச்சா தொறந்துருமுங்க. இதக் கொஞ்சம் பூசி விடுங்க."

நானே கம்ப்யூட்டரில் பூசிவிட்டேன். காற்றுப் போகும் ஓட்டைக்குள் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கந்தோர் பூட்டும்வரை படியிலேயே இருந்தாள். நான் வெளியே வந்ததும் எழும்பி, "தொறந்துச்சுங்களா?" என்றாள்.

"இன்னும் இல்லை, பிள்ளை. பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

சனிக்கிழமை காலையில் அவனைக் கொண்டுபோனார்கள். எங்கே என்று துரை இரண்டு தரம் எழுதிக் கேட்டார். எந்தப் பட்டியலிலும் அப்படி ஒரு பெயர் இல்லை என்று பதில் வந்தது.

இரண்டு வருடமாகிறது. புஷ்பம் இப்போதும் மாதம் ஒரு தரம் வருகிறாள். அதே கேள்வி, அதே பதில். அவள் போன பிறகு டிஸ்கை மாட்டிப் பார்க்கிறேன். ஒரு மாதமும் திறக்காமல் இருந்ததில்லை. சுரேந்திரனுக்கான கடிதத்தைக்கூட அடித்து வைத்திருக்கிறேன், துரையின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

தெரிந்துதான் செய்தேன், ஐயா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கீழே கையெழுத்து வைக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். புஷ்பம் வெளியே படியில் இருக்கிறாள். டிஸ்க் இன்றைக்குத்தான் திறந்தது என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். பெற்ற தாய் மனது, அதை நோகடிக்க எனக்கு மனமில்லை.