எனக்குப் பொன்னாடை வேண்டாம்

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் அம்மையார் மங்கையர்க்கரசி அவர்களே! ஏ.எஸ்.ராவ் நகர்த் தமிழ் மன்றத்தை ஏந்திப் பிடிக்கும் பெரியோர்களே! பிள்ளைகள் தெலுங்கில் பதில் சொன்னாலும் தமிழில் திட்டத் தவறாத தாய்மார்களே! பொன்னாடைத் தட்டோடு என் பக்கத்தில் நிற்கும், மகள் போன்ற பானுவே! புருஷோத்தமனின் பணிவான வணக்கம்.

இப்போதுதான் படம் பார்த்தோம். பங்குச் சந்தையில் பணத்துக்காக, தன்னோடு பழகியவர்களையே பலிகொடுத்த பாவிக்கு விலங்கு மாட்டியபோது விசிலடித்தீர்கள். இந்த வெண்திரையை வாங்கித் தந்த வள்ளல் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறீர்கள். இந்தத் திரை எந்தப் பணத்தில் வந்தது தெரியுமா?

ஆறு ஆண்டுகளுக்கு முன் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் நான் கணக்கு அதிகாரி. என்னை நம்பி உங்களில் பலர் அதன் பங்குகளை வாங்கினீர்கள். பானுவின் தந்தை, ரயில்வே பட்டறைத் துரைராஜ் அண்ணன், ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகை முழுவதையும் போட்டார்.

அந்தப் பொங்கல் வாரம், சோதனைக்கு வந்த அதிகாரிகள் எங்கள் மருந்தை நிராகரித்தார்கள். செய்தி வெளிவர மூன்று நாள் இருந்தது. மச்சினன் பெயரில் வைத்திருந்த என் பங்குகளை அன்றே விற்றேன்.

மறுநாள் மன்றத்துப் பொங்கலுக்குக் காய்கறி வாங்க, வழக்கம்போல் அண்ணனும் நானும் போவன்பள்ளிச் சந்தைக்குப் போனோம். திரும்பும் ஆட்டோவில், பூசணிக்காய்களுக்கு நடுவே கேட்டார்: “தம்பி, அந்த ஷேரை வித்துடட்டுமா? பானு கல்யாணத்துக்கு வச்ச காசு.”

விற்றுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? இருந்தது! ஆனால் அவர் மன்றம் முழுக்கச் சொல்வார். எல்லோரும் ஒரே நாளில் விற்றால், யார் சொன்னது என்ற கேள்வி என் வாசலுக்கு வரும். “வச்சுக்குங்கண்ணே, இன்னும் ஏறும்” என்றேன்.

விலை ஐந்தில் ஒன்றானது. பானுவின் கல்யாணம் நின்றது. அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கா? சாபத்துக்கா? இல்லை ஐயா, எனக்கு ஆறுதல் சொல்ல! “நீங்களும் தோத்துட்டீங்களே தம்பி. பரேஷான் நக்கோ, கவலைப்படாதீங்க. சாப்பிட்டீங்களா?” நான் தோற்றவனைப் போலத் தலைகுனிந்தேன். அவர் வாங்கி வந்த இட்லியையும் தின்றேன்.

ஆசை தப்பா? அண்ணனுக்கும் ஆசை இருந்தது, எனக்கும் இருந்தது. அவர் ஆசையில் ஒரு மகள் இருந்தாள். என் ஆசையில் நான் மட்டுமே இருந்தேன்!

பணத்தை மறுபடி சேர்க்க, அறுபது தாண்டிய வயதில் ஓர் அடுக்குமாடி வாசலில் காவலுக்கு நின்றார். போன மாதம் அந்தக் காவல் நாற்காலியிலேயே உயிர் போய்விட்டது. கடைசிவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

யாரது, “கைக்கு சார், எதுக்கு இதெல்லாம் இப்போ?” என்பது? நல்ல கேள்வி. அவர் உயிரோடு இருந்தபோது சொல்லத் துணிவில்லை. நான் கோழை. கோபி, மைக்கை அணைக்காதே!

சாவித்ரி அண்ணி, பானுவின் தாயே, எழுந்துவிட்டீர்கள். உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. இழந்த பணம் உங்கள் வீடு தேடி வரும், அண்ணன் வரமாட்டார். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் நாளை இதை எழுதிக் கொடுக்கிறேன். விலங்கு வந்தால் வரட்டும், விசிலடியுங்கள்.

பொறுமையாகக் கேட்ட அவைக்கு நன்றி, வணக்கம். பானு, அந்தத் தட்டைக் கீழே வையம்மா. அம்மாவோடு போ.